எங்க வீட்டுல எப்பவும் முதல் ஞாயிறு

ஐயய்யோ சாமி, அதக் கொளுத்தாதீங்க! தீப்பெட்டிய இப்படிக் குடுங்க. கோவிச்சுக்காதீங்க, நீங்க நல்ல மனசோடதான் செய்யப் போனீங்கன்னு எனக்குத் தெரியும். திருவருகைக் காலத்துல கிறிஸ்மஸ் வரைக்கும் ஞாயிறுக்கு ஒண்ணாக் கொளுத்தணும், நாலாவது வாரம் வந்தாச்சு, இவங்க வீட்டுல இன்னும் ஒத்த மெழுகுவத்தி எரியுதே, மத்த மூணும் திரி கருகாம நிக்குதே, வயசான காலத்துல மறந்துட்டாங்க போலன்னு நெனச்சிருப்பீங்க. நான் ஒண்ணும் மறக்கல சாமி. வேணும்னுதான் விட்டு வச்சிருக்கேன்.

உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆடும், உங்களுக்கு முன்னாடி இருந்த பங்குச்சாமி அதுல உக்காந்து டீயோட கீழ விழுந்தாரு. இப்படி ஜன்னலோரமா உக்காருங்க. கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, என்ன? எங்க வீட்டுக்காரரு பக்கத்து ரூம்லதான் இருக்காரு. மத்ததெல்லாம் போயிருச்சு, காது மட்டும் பாம்புக் காது.

ஏங்க! நம்ம கோயிலுக்குப் புதுசா வந்திருக்கிற சாமி வந்திருக்காரு, வாங்க!

இப்ப வந்து கும்புட்டுட்டுப் போவாரு. கொஞ்ச நேரம் கழிச்சுத் திரும்பவும் வந்து கும்புடுவாரு. நீங்களும் முதல் தடவ பாக்குற மாதிரியே கும்புடுங்க, புண்ணியமாப் போகும்.

வாங்க, வாங்க. ஆமா, இவருதான். சின்ன வயசுதான், ஆனா பூசையெல்லாம் நல்லா வைக்கிறாரு. ஆமாங்க, இன்னிக்கு முதல் ஞாயிறுதான். கொளுத்தியாச்சு, அந்தா எரியுது பாருங்க. பாப்பாவா? ஆமா, ஃபோன் பண்ணுச்சே, கிறிஸ்மஸுக்கு வருதாம். வருவா, வருவா. நீங்க போய் அந்த சுவிட்ச் போர்ட முடிங்க, பாதில நிக்குது.

போயிட்டாரா? கால் வலிக்குதா சாமி? நீங்க இன்னிக்கு வியாழக்கிழமைன்னு சொல்ல வாயத் தொறந்தீங்க, எனக்கு வேற வழி தெரியல, மிதிச்சுட்டேன். சாமியார் கால மிதிச்ச முதல் பொம்பள நானாத்தான் இருப்பேன். மன்னிச்சுக்குங்க.

அவரு வயர்மேன் சாமி. உங்க கோயில்ல ஓடுற ஃபேன், எரியுற லைட்டு, பீடத்துக்குப் பின்னாடி இருக்கிற போர்டு எல்லாம் அவரு கை பட்டதுதான். கோபுரத்து உச்சியில நட்சத்திரம் கட்டுறதுக்கு வருஷா வருஷம் அவருதான் ஏறுவாரு, கீழ நின்னு நான் திட்டிக்கிட்டே இருப்பேன். இப்ப நாள் தெரியாது, வருஷம் தெரியாது, சாப்பிட்டோமா இல்லையான்னு தெரியாது. ஆனா கையில ஒரு ஸ்க்ரூ டிரைவரக் குடுத்துப் பாருங்க, கண்ண மூடிக்கிட்டு வேலை பாப்பாரு. அதான் கரண்ட் இல்லாத போர்டு ஒண்ணு வச்சிருக்கேன். அவரு வயர முறுக்கி மாட்டி முடிப்பாரு, தூங்குற நேரத்துல நான் எல்லாத்தையும் கழட்டி வச்சுருவேன். மறுநாள் புது வேலை மாதிரி ஆரம்பிப்பாரு.

என்னாச்சுன்னா, லேசா மறதி முன்னாடியே இருந்துச்சு. சாவிய எங்க வச்சேன், கண்ணாடிய எங்க வச்சேன்னு, நமக்கெல்லாம் வர்ற மாதிரி. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, முதல் ஞாயித்துக்கிழமை, கோயிலுக்குப் போயிட்டு வந்து அவரு மெழுகுவத்தி கொளுத்துறாரு, ஃபோன் அடிக்குது. பாப்பாதான். பாப்பான்னா எங்க மக, ஒரே மக. வெளியூர் ஆஸ்பத்திரில நர்ஸு. பண்டிகைக்கு அவளுக்கு லீவே கெடைக்காது, அவள மாதிரி கல்யாணம் ஆகாத பொண்ணுங்க தலையிலதான் கட்டுவாங்க கிறிஸ்மஸ் டூட்டிய. அன்னிக்கு ஒரே சிரிப்பு. அப்பா, லீவு கெடச்சுருச்சுப்பா, இந்தத் தடவ வர்றேம்ப்பா, வீட்டு நட்சத்திரத்த நான் வந்தப்புறம் மாட்டலாம், அவசரப்பட்டு ஏணியில ஏறித் தொலையாதீங்கன்னு சொன்னா. இவரு ஃபோன வச்சுட்டு சின்னப் பிள்ள மாதிரி குதிச்சாரு. எனக்கு இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது.

அவரு புத்தி அங்கயே நின்னுருச்சு சாமி. அதுக்கு முன்னாடி நடந்ததெல்லாம் முக்காவாசி இருக்கு. அதுக்கப்புறம் நடந்தது எதுவும் உள்ள போகவே மாட்டேங்குது. காலையில எந்திரிச்சா முதல் ஞாயிறு. வெயில் கொளுத்துனாலும் முதல் ஞாயிறு, மழை கொட்டுனாலும் முதல் ஞாயிறு. அந்த ஒரு மெழுகுவத்தியக் கொளுத்திட்டுத்தான் காப்பி குடிப்பாரு. அது உருகித் தீர உருகித் தீர நான் புதுசு வாங்கி வைக்கிறேன். கடைக்காரரு கேக்குறாரு, ஏம்மா, எல்லாரும் மூணு ஊதாவும் ஒரு ரோஸும் சேத்து வாங்குறாங்க, நீங்க மட்டும் வருஷம் பூரா ஒத்த ஊதாவாக் கேக்குறீங்களேன்னு. எனக்கு ஊதா புடிக்கும், உங்களுக்கு என்னன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

என்ன? ஆமா, கேரல் பாட்டுக்காரங்கள வரவேணாம்னு சொன்னது நான்தான். அதுக்குத்தானே வந்தீங்க? பாட்டுக்குழு அம்மா புகார் சொல்லியிருப்பாங்க. அந்தத் தெருவுல எல்லார் வீட்டுக்கும் போறோம், இந்த அம்மாவுக்கு மட்டும் என்ன திமிருன்னு. சொல்லட்டும், அவங்க மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல.

போன வருஷம் வந்தாங்க சாமி. நான் உள்ள அடுப்படில இருந்தேன். திடீர்னு வாசல்ல கிட்டாரு, மேளம், கிறிஸ்மஸ் தாத்தா வேஷம், கையில கேக்கு, ஹேப்பி கிறிஸ்மஸ் அங்கிள்னு ஒரே கூச்சல். இவரு அப்படியே மலைச்சுப் போய் நிக்கிறாரு. கிறிஸ்மஸ் வந்துருச்சான்னு கேட்டாரு. வந்தாச்சு அங்கிள்னு அதுங்க சந்தோஷமாச் சொல்லிச்சுங்க, அதுங்களுக்கு என்ன தெரியும்? அப்போ பாப்பா எங்கன்னாரு. நான் வெளிய வர்றதுக்குள்ள செருப்புகூடப் போடாம பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டாரு. நான் ஓடிப்போய்ப் பாக்குறேன், வர்ற பஸ்ஸுக்கெல்லாம் படிக்கட்டுகிட்டப் போய் நின்னு, எறங்குற பொண்ணுங்க மூஞ்சிய ஒவ்வொண்ணாப் பாக்குறாரு. ஒரு கண்டக்டரு பெரியவரே தள்ளுங்கன்னு கையப் புடிச்சு இழுத்து விட்டாரு. வீட்டுக்குக் கூட்டியாந்து உக்கார வச்சேன். சொல்லுடி, பாப்பா எங்கன்னாரு.

அன்னிக்கு நான் என்ன சொன்னேங்கிறத அப்புறமாச் சொல்றேன். இப்ப வேணாம், காதுல விழும்.

அதான் இந்த வருஷம் ஒண்ணும் கெடையாது. டி.வி. கெடையாது. நாள்காட்டிய எடுத்துட்டேன். எதிர் வீட்டுல நட்சத்திரம் மாட்டுனாங்க, கால்ல விழாத குறையாக் கேட்டு அந்தப் பக்கம் திருப்பிக் கட்ட வச்சேன். ஊரே கிறிஸ்மஸ் எப்ப வரும் எப்ப வரும்னு கெடக்கு. நான் ஒருத்திதான் வராம இருந்தா நல்லதுன்னு வேண்டிக்கிறேன். ஏசு பாலன் பொறக்குறது வேணாம்னு ஜெபம் பண்ற கிறிஸ்தவள எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா? இங்க உக்காந்திருக்கேன், பாத்துக்குங்க.

காத்திருந்தா அவருக்கு ஒரு கொறையும் இல்ல சாமி. சந்தோஷமா இருக்காரு. நல்லா சாப்பிடுறாரு, தூங்குறாரு. பாப்பா வந்தா தாடியோட இருக்கக்கூடாதுன்னு ஒழுங்கா ஷேவ் பண்ணிக்கிறாரு. விழிப்பா இருங்க, ஆயத்தமா இருங்கன்னு நீங்க பிரசங்கம் வைக்கிறீங்கல்ல, அத அப்படியே கேட்டு நடக்குற ஆளு இந்தப் பங்குல இவரு ஒருத்தருதான். அவ ரூமுக்குப் போய் மெத்தையத் தட்டி, துவைச்ச விரிப்ப எடுத்து விரிச்சு, தலகாணிய நேரா வச்சுட்டு வருவாரு, தெனமும். நான் பின்னாடியே போய் மடிச்சு வைப்பேன். இல்லன்னா மறுநாள் யாரு விரிச்சதுன்னு கேப்பாரு. வந்துட்டாளா, வந்து படுத்தாளான்னு வீடு பூரா தேடுவாரு.

ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க சாமி. பெத்தவங்கள மறந்துட்டு எங்கயோ சம்பாதிக்கிற பொண்ணு இல்ல அவ. நம்பரா? எதுக்கு? நீங்க பேசி, நாலு வார்த்தை கண்டிச்சு வரச் சொல்லப் போறீங்களா? உங்க மேல தப்பில்ல, வந்து ஒரு மாசம்கூட ஆகல. பங்குல எல்லாருக்கும் தெரியும். அவரு இருக்கிற எடத்துல யாரும் பேசிக்கிறதில்ல, அதான் உங்க காதுக்கும் வரல போல. அவளத் திட்டாதீங்க, என்னால தாங்க முடியாது.

இருங்க. குழாய் சத்தம் கேக்குதா? குளிக்கப் போயிட்டாரு. இனிமே சத்தமாவே பேசலாம்.

இந்த டீயக் குடிங்க சாமி, ஆறிப்போச்சு. பாப்பா செத்துட்டா. அதே வருஷம், வர்ற வழியில. பஸ்ஸு கவுந்துருச்சு. கிறிஸ்மஸுக்கு வர்றேன்னு சொன்னா, வந்தா, பொட்டியில வந்தா. கோயில்ல கிறிஸ்மஸ் குடில் பக்கத்துலதான் எறக்கி வச்சாங்க, வேற எடமில்ல. குடிலுக்குள்ள தீவனத் தொட்டி காலியா இருந்துச்சு, பாலன இன்னும் வைக்கல. நான் அவ மூஞ்சியப் பாக்க முடியாம அந்தத் தொட்டியில கெடந்த வைக்கோலையே பாத்துக்கிட்டு இருந்தேன்.

அவரும் இருந்தாரே. கூடவேதான் இருந்தாரு. மண்ணு அள்ளிப் போட்டாரு. ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. வீட்டுக்கு வந்து கைகால் கழுவிட்டு, பாப்பா எப்ப வர்றான்னு கேட்டாரு.

சொன்னேன் சாமி. உண்மையத்தான் சொன்னேன், புருஷன்கிட்டப் பொய் சொல்லலாமா? நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழுதாரு. தூங்கி எந்திரிச்சாரு, திரும்பக் கேட்டாரு. திரும்பச் சொன்னேன். இப்பத்தான் கேள்விப்படுற மாதிரி அதே அழுகை, அதே அடி. மறுபடியும் கேட்டாரு, மறுபடியும் சொன்னேன். ஒரே பிள்ளைய எத்தன தடவ சாமி நான் சாகடிக்கிறது? ஒரு நாளு முடியாம, பாப்பா வருவான்னு சொல்லிட்டேன். மூஞ்சி அப்படியே மலர்ந்துச்சு. அன்னிலேர்ந்து வருவா, வருவா, வருவாதான். போன வருஷம் பஸ் ஸ்டாண்டுலேர்ந்து கூட்டியாந்தப்ப மட்டும்தான், கிறிஸ்மஸ் வந்துருச்சுன்னு அவருக்கே தெரிஞ்சு போச்சே, சொல்ல வேற ஒண்ணும் இல்லாம உண்மையச் சொன்னேன். செத்துருவாரோன்னு பயந்துட்டேன்.

நானா? நான் எப்ப அழுறது? நான் அழுதா ஏன் அழுறன்னு கேப்பாரே. அவரு குளிக்கிறப்ப அழுவேன். தண்ணி நின்னா மூஞ்சியத் தொடச்சுக்குவேன். பெத்த வயிறு எரியுது சாமி, வாய் மட்டும் வருவா வருவான்னு சொல்லுது.

ஒண்ணு கேக்கணும், ரொம்ப நாளா யாருகிட்டயும் கேக்கல. இது பாவமா? நான் தெனமும் சொல்றது பொய்தானே? ஆனா பாருங்க, ஏசு வருவாரு, வருவாரு, திரும்ப வருவாருன்னு நீங்களும்தான் பீடத்துல நின்னு சொல்றீங்க. தலைமுறை தலைமுறையாச் சொல்றீங்க, ஒருத்தரும் உங்களப் பொய்க்காரருன்னு சொல்லல. செத்தவங்க எல்லாரும் எந்திரிச்சு வருவாங்கன்னும் சொல்றீங்க, நானும் ஞாயித்துக்கிழமையானா கூடச் சேந்து சொல்றேன். அது நெசம்னா நான் சொல்றதும் நெசம்தானே? சில நாளு நம்பித்தான் சொல்றேன் சாமி. சில நாளு நம்ப முடியல.

தண்ணி நின்னுருச்சு. மெதுவா, மெதுவா.

வாங்க. தலையச் சரியாத் துவட்டலயா? இங்க வாங்க, துண்டக் குடுங்க. இவரா? நம்ம கோயிலுக்குப் புதுசா வந்த சாமி. ஆமாங்க, கும்புட்டுக்குங்க. ஆமா, முதல் ஞாயிறு. பாப்பாவா? ஃபோன் பண்ணுச்சு. நான் சொன்னா மட்டும் திரும்பத் திரும்பக் கேக்குறீங்க, நான் என்ன பொய்யா சொல்றேன்? இந்தா, சாமியே உக்காந்திருக்காரு. அவர்கிட்டயே கேளுங்க, பாப்பா வருவாளான்னு.

சாமி, உங்களத்தான் கேக்குறாரு. சொல்லுங்க.