அவசரத்தில் எரிந்த சர்க்கரை

தோற்றவர்களுக்கும் சேர்த்து டீ வாங்கித் தந்த தலைவர் லட்சுமணசாமி அவர்களே! வெள்ளிக்கிழமை டி.வி. பாட்டை விட்டுவிட்டு வந்திருக்கும் அன்னூர்ப் பெரியோர்களே! வடம் இழுத்த கையாலேயே எனக்குக் கைதட்டும் வெற்றித் தாய்மார்களே! உள்ளங்கை சிவந்து ஓரமாய் நிற்கும் கபடிக் காளையர்களே! உடற்பயிற்சி ஆசிரியை ஃபெமினாவின் பணிவான வணக்கம்.

பந்தயம் என்ன? கயிறு இழுக்கும் போட்டியில் கபடிக் குழுவைப் பெண்கள் வென்றால், மாலை நேரம் மைதானம் பெண்களுக்கு! தோற்றால்? நம் பெண்பிள்ளைகள் பழையபடி வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

விசில் ஒலித்தது. கபடிக் குழுத் தலைவர் கதிர்வேல் தம் ஆட்களிடம் என்ன சொன்னார் தெரியுமா? "அம்மணிக பாவமுங்க, கை நோகும். ஒரே மூச்சுல இழுத்துச் சீக்கிரம் முடிச்சுப்போடலாம்!" ஆகா, என்ன மரியாதை! அந்த மரியாதைதான் ஐயா உங்களை மண்ணில் உட்கார வைத்தது!

சிரிக்காதீர்கள், அறிவியல் சொல்கிறேன். முழு பலத்தோடு இழுக்கும்போது, இரத்தம் கொண்டுவரும் உயிர்வளிக்காக, அதாவது ஆக்சிஜனுக்காக, தசை காத்திருக்குமா? காத்திருக்காது! கையிருப்புச் சக்தியைச் சில நொடிகளில் கரைக்கும். அடுத்து, உயிர்வளி இல்லாமலே சர்க்கரையை உடைக்கும். சக்தி உடனே கிடைக்கும். ஆனால் கொஞ்சமே கிடைக்கும். கூடவே அமிலம் சேரும். தசை காந்தும்! கை தளரும்! கதிர்வேலுக்குக் கண் பிதுங்கும்!

முன்வரிசையில் ஓர் அம்மா கேட்கிறார், "ஏனுங்க டீச்சர், எங்க கைக்கு அமிலம் வராதுங்களா?" வரும் அம்மா, வரும்! ஆனால் நீங்கள் முதலில் இழுக்கவே இல்லையே! குதிகாலை ஊன்றி, உடம்பைச் சாய்த்து, எடையைக் கயிற்றில் போட்டுவிட்டுப் பொறுமையாக நின்றீர்கள். அப்போது நம் அணித் தலைவி பழனியாத்தாள் கேட்டார்: "ஏனுங்க மாப்பிள்ளை, கை காந்துதுங்களா?"

"ஆமாங்க அத்தை!" என்றார் கதிர்வேல். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை!

"அப்ப நாங்க இழுக்கறோமுங்க!"

இழுத்தீர்கள்! சரிந்தது அணி! சிரித்தது ஊர்! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தாய்மார்களே, மைதானம் நமது! பிள்ளைகளை மட்டும் அனுப்பிவிட்டு அடுப்படிக்குத் திரும்பிவிடாதீர்கள். நாளை மாலை நீங்களும் வாருங்கள்! ஓடுங்கள், மூச்சிரைக்க ஓடுங்கள்! வீட்டில் உலை வைக்கக் கதிர்வேல்கள் இருக்கிறார்கள். அவர்கள் கைக்காந்தல் அதற்குள் ஆறிவிடும்!

இம்மி நகராமல் நின்ற கால்களுக்கெல்லாம் என் நன்றி. வணக்கமுங்க!