கடல் கழுகின் தரைக்கம்பி

எண்ணெயில் பொரித்த முட்டை அரெப்பா எனக்கு ஒத்துக்கொள்ளாது. அன்று மத்தியானம் அதைச் சாப்பிட்டுவிட்டு நெஞ்செரிச்சலோடுதான் ஆட்டத்துக்குப் போனேன். இதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா.

சுவர் உயரத்துக்கு ஒலிப்பெட்டிகளை அடுக்கி, ஓவியம் தீட்டி, தெருவையே ஆடவைக்கும் பிக்கோக்கள் கார்தஹேனாவில் எத்தனையோ உண்டு. எங்கள் 'கடல் கழுகு'க்குத்தான் மவுசு அதிகம். முதலாளி எபெர்த்தோ. ஒயர் இழுப்பது, பழுது பார்ப்பது எல்லாம் நான். ஆட்டம் தொடங்கிவிட்டால் மட்டும் நான் மேடை ஏறக்கூடாது. பொம்பளை கை பட்டால் சத்தம் செத்துவிடுமாம். என் இளமை அந்தப் பெட்டிகளுக்குப் பின்னால்தான் போனது. ஒரே ஒரு தடவை மைக்கைப் பிடித்து என் பெயரைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

இந்த வருடம் விழாக்காரர்கள், மேடையில் ஒரு பெண் கட்டாயம் என்றார்கள். நான் புதுச் சட்டை தைத்துக்கொண்டேன். எபெர்த்தோ எல்லார் முன்னிலையிலும் சிரித்தார்.

"நீயா ஒர்லாதிஸ்? உன் மூஞ்சிய போஸ்டர்ல போட்டா பெட்டியே அழுதுடும். எங்க அக்கா மக யுர்லெய்ஸ் நிக்கட்டும், சும்மா கைய ஆட்டினா போதும். நீ எதையும் தொட்டுத் தொலைக்காத."

"சரிங்க முதலாளி."

சொன்னபடி நான் தொடவில்லை. பெட்டிகளுக்குச் சத்தம் கொடுக்கும் அந்தப் பழைய இயந்திரத்தில் மின்சாரம் கசியும், மைக் வரைக்கும் வரும். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் அதை மண்ணுக்குள் இறக்கும் தரைக்கம்பியை நான்தான் மாட்டுவேன். அவர் ஒருநாளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அன்று மாட்டவில்லை. முதலாளி வெறுங்காலோடு ஏறி, பெட்டிக்கு ரம் தெளித்து, மைக்குக்கு முத்தம் கொடுத்த பிறகுதான் யாரும் பேசலாம். அதுதான் எங்கள் வழக்கம்.

அன்று அந்த முத்தத்தை அவர் யுர்லெய்ஸுக்கு விட்டுக்கொடுத்தார். அவள் செருப்பைக் கழற்றினாள். மேடை ஓரத்தில் குனிந்து என் காதோடு சொன்னாள்:

"அக்கா, இது நீங்க நிக்கவேண்டிய எடம். வாயத் திறந்ததும் உங்க பேரத்தான் மொதல்ல சொல்லப்போறேன்."

கத்துவதற்கு நேரம் இருந்தது. ஆனால் முத்தத்துக்கு முன்னால் மேடையைப் பார்த்துச் சத்தம் போட எனக்கு அனுமதி இல்லையே. அவள் முத்தம் கொடுத்தாள். என் பெயரைச் சொல்லவில்லை.

அவள் மேல் எனக்குக் கோபமே கிடையாது ஐயா. எதையும் தொடாதே என்றார், தொடவில்லை, ஊரே சாட்சி. ஆட்டத்துக்கு முன்னால் மேடையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவியது மட்டும்தான் நான் செய்தது. காய்வதற்குள் முதலாளி ஏறட்டும் என்று நேரம் பார்த்துக் கழுவினேன்.