ஆறுக்கு அடுத்து எட்டு

– பேனா தானா விழுந்துச்சு மாப்ள, நான் வேணும்னு போடல.

– மூணாவது தடவையா தானா விழுது அண்ணி. இன்னொண்ணு கொண்டுவந்திருக்கேன். அதுவும் விழுந்தா பென்சில் இருக்கு.

– இந்தக் காகிதத்துல பென்சிலால எழுதக் கூடாதுன்னு வக்கீல் சொல்லலியா?

– சொன்னாரு. ஒரே ஒரு கையெழுத்துதான். கூடப் பிறந்தவங்க யாராவது போடணும். உங்க தங்கச்சிக்கு உங்களை விட்டா யாரு இருக்கா?

– என் தங்கச்சி செத்துட்டான்னு நான் எழுதிக் குடுக்கணும். அதானே?

– ஏழு வருஷமா அவளைப் பத்தி ஒரு தகவலும் இல்லைன்னு எழுதிக் குடுக்கணும். மிச்சத்தை அவங்களே எழுதிப்பாங்க.

– ஏழு வருஷம். அவ கணக்குல அப்படி ஒரு வருஷமே கிடையாது, தெரியுமில்ல?

– தெரியும். ஆறுக்கு அடுத்து எட்டு. அவகூட நாலு வருஷம் குடித்தனம் பண்ணினவன் நான். ஆனா கோர்ட்டுல ஏழு உண்டு அண்ணி.

– உக்காருங்க முதல்ல. அந்த நாற்காலி வேண்டாம், அதுல ஊசி இருக்கும். நெத்தியில ஒரு கண்ணாடி, மூக்குல ஒரு கண்ணாடி. கண்ணாடிக் கடைக்காரர்னா இப்படியா?

– ஒண்ணு தூரத்துக்கு, ஒண்ணு கிட்டத்துக்கு. பேச்சை மாத்தாதீங்க. நானும் ஓடி ஒளியல. பேப்பர்ல படம் போட்டு விளம்பரம் குடுத்து ஒண்ணரை மாசம் ஆச்சு. 'கணவரும் அக்காவும் மனு செய்யவிருக்கிறார்கள், இவரைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லலாம்'னு. யாரு வந்தா? ஒருத்தன் போன் பண்ணினான். படத்துல அந்தம்மா போட்டிருக்கற ஃபிரேம் உங்க கடையில கிடைக்குமான்னு கேக்குறான்.

– கிடைக்குமா?

– அதைத் தயாரிக்கறதையே நிறுத்திட்டாங்க. சிரிக்காதீங்க அண்ணி. அங்க ஒருத்தங்க என்னைக் கல்யாணம் பண்ணிக்க நாலு வருஷமா காத்துட்டிருக்காங்க. ஒரு வார்த்தை கேட்டதில்ல. போன வாரம்தான் கேட்டாங்க, 'நான் எந்த வரிசையில நிக்கிறேன்'னு.

– நல்ல பொண்ணு. இருபத்திரண்டு இன்ச் தலை.

– எல்லாரையும் தலையாத்தான் பாப்பீங்களா?

– இருபது வருஷமா தொப்பி டிசைன் பண்றவ வேற எப்படிப் பார்ப்பா? அலமாரியைப் பாருங்க. இந்தக் குளிர்காலத்துக்கு ஏழு தொப்பி முடிச்சிருக்கேன். காது மூடறது ஒண்ணு. சைக்கிள்காரங்க ஹெல்மெட்டுக்குள்ள போடறதுக்கு ஒண்ணு. அந்தச் சாம்பல் கலர், முடி கொட்டிப் போனவங்களுக்கு. உள்பக்கம் ஒரு முடிச்சுகூட உறுத்தாது. ஓரமா இருக்கே, பட்டன் வெச்சது, அது அப்பா கோட்டுப் பட்டன்.

– எல்லாம் ஒரே அளவா இருக்கே.

– அப்படியா?

– நானும் தலையை அளந்து சம்பாதிக்கறவன்தான் அண்ணி. காதுக்குக் காது எனக்குக் கண்ணாலயே தெரியும். ஏழும் இருபத்தொண்ணரை. அவ தலை.

– போட்டோ எடுக்கறவனும் அதையேதான் சொன்னான். 'மேடம், எந்த மாடலைக் கொண்டுவந்தாலும் பத்த மாட்டேங்குது, நீங்க யாருக்குப் பின்றீங்க'ன்னு. நான் எல்லாத்தையும் இருபத்திரண்டுன்னு எண்ணித்தான் ஆரம்பிக்கறேன் மாப்ள. முடிச்சு அளந்தா அரை இன்ச் காணோம். ஏழு தடவையும்.

– இதுக்குத்தான் சொல்றேன். ஒரு முடிவுக்கு வந்துடலாம். உங்களுக்கும் நல்லது.

– முதல்ல ஒண்ணு கேளுங்க. கேட்டுட்டு அப்புறம் சொல்லுங்க, போடறேன்.

– சொல்லுங்க.

– இன்னிக்கு மூணு மணிக்குப் பின்னல் வகுப்பு இருக்கு. ஆறு பேர். நாலு வாரமா புதுசா ஒருத்தி வரா. நீலக் கோட்டு. நம்ம மொழி அவளுக்குச் சரியா வராது. ஜன்னலோரமா உக்காந்து கையை மட்டும் பார்ப்பா. முதல் நாளு ஊசியில இருக்கற கண்ணியை எண்ணச் சொன்னேன். எல்லாரும் மனசுக்குள்ள எண்ணினாங்க. அவ வாய்விட்டு எண்ணினா. நம்ம மொழியில.

– கத்துக்கிட்டிருப்பா. அதுல என்ன?

– ஆறு, எட்டு.

– என்னது?

– அஞ்சு, ஆறு, எட்டு, ஒன்பதுன்னு எண்ணினா மாப்ள. நிறுத்தாம, யோசிக்காம. நாக்குக்குப் பழகின மாதிரி.

– புது மொழி. ஒண்ணு விட்டுப் போயிருக்கும்.

– நானும் அப்படித்தான் நினைச்சேன். ரெண்டாவது வாரமும் ஆறு, எட்டு. மூணாவது வாரம் ஊசியிலிருந்து ஒரு கண்ணி நழுவிச்சு. 'அட என் மண்டையே'ன்னா.

– அண்ணி...

– வேற யாரு சொல்லுவா அப்படி? நீங்களே சொல்லுங்க. நல்ல தட்டு உடைஞ்சாலும் 'அட என் மண்டையே', பஸ்ஸு போனாலும் 'அட என் மண்டையே'.

– அவகிட்ட கேட்டீங்களா?

– இல்ல.

– நாலு வாரமா கேக்கலியா? என்னைக் கூப்பிட்டாவது சொல்லலியா?

– கேட்டா பதில் வந்துடுமே மாப்ள. 'இருந்தா, போயிட்டா'ன்னு சொல்லிட்டா? கேக்காத வரைக்கும் அவ ஜன்னலோரமா உக்காந்து எண்ணிட்டிருப்பா. கண்ணை மூடினா என் தங்கச்சி குரல்தான். நாலு வாரமா எனக்கு அது போதும்னு இருந்துச்சு.

– பாருங்க, நீங்க போட்ட பின்னல் புத்தகத்துல அந்தச் சாஞ்ச தொப்பி இருக்கு. எல்லா ஊர்லயும் பின்றாங்க. அவளோட தப்பை வெச்சுத்தானே அதைப் பண்ணினீங்க? இவளும் அதைப் பார்த்து...

– புத்தகத்துல எண்ணிக்கை சரியாத்தான் போட்டிருக்கேன். சாய்வை மட்டும் வேற வழியில கொண்டுவந்தேன். எட்டுப் பாகம்தான் இருக்கும். தங்கச்சி தொப்பியில ஒன்பது.

– எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க.

– தொப்பிக்குத் தொண்ணூத்தாறு கண்ணி. உச்சியில கூட்டிச் சேர்க்கும்போது பன்னெண்டு பன்னெண்டா எட்டுப் பாகம் பிரிக்கணும், ஆரஞ்சுச் சுளை மாதிரி. அவ ஏழுங்கறதே இல்லாம எண்ணுவா. அவ பன்னெண்டுன்னு சொல்றது பதினொண்ணுதான். சுளையை எண்ணாம பின்னிட்டே போவா, எட்டுச் சுளை முடியும்போது எட்டுக் கண்ணி அநாதையா நிக்கும். அதை ஒரு குட்டிச் சுளையாக்கி ஒட்டிடுவா. தொப்பி அந்தப் பக்கமா தலையைச் சாய்ச்சுக்கும். இது எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரிஞ்ச விஷயம்.

– சரி. அந்த நீலக் கோட்டு பின்றதுல?

– ஒன்பது. போன வாரம் முழுசா முடிச்ச தொப்பி ஒண்ணு கொண்டுவந்தா, வீட்டுல பின்னினதாம். அதான் எனக்கு ஆச்சரியம். வகுப்புல நாலு வரிசைக்கு மூணு தடவை கண்ணியை விடறவ, இதைக் கை நடுங்காம பின்னியிருக்கா. போகும்போது மேசை மேலயே மறந்து வெச்சுட்டுப் போயிட்டா.

– எங்க அது? காட்டுங்க.

– இதோ.

– இதுவா? நான் வந்ததிலிருந்து நீங்க உருட்டிட்டிருக்கற நூலா?

– எண்ணிப் பார்க்கத்தான் மாப்ள.

– வரும்போது எலுமிச்சை அளவு இருந்துச்சு. இப்ப தேங்காய் அளவு ஆயிடுச்சு. எவ்வளவு பிரிச்சீங்க?

– உச்சி முடிச்சை அவுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு சுற்றா எண்ணினா நிச்சயமாயிடும்னு...

– பிரிக்காமலே எண்ணலாமே! ஒரே சாட்சி அது. சாட்சியைக் கலைச்சுட்டு யாருகிட்ட விசாரிப்பீங்க?

– கை கேக்கல. இருபது வருஷப் பழக்கம். தப்பைப் பார்த்தா இந்த விரல் தானா நூல்முனையைத் தேடும். தப்போட யாரும் என் வகுப்பை விட்டு வீட்டுக்குப் போனதில்ல. இதையும் சரியா எட்டுப் பாகமா பின்னி அவ கையில குடுத்துடலாம்னு பார்த்தேன்.

– நிறுத்துங்க அண்ணி. கையை எடுங்க. உங்க தங்கச்சி உங்களுக்கு வெச்ச பேரு சரிதான்.

– டீச்சரம்மா.

– 'டீச்சரம்மா வராங்க, எல்லாரும் நூலை ஒளிச்சு வைங்க'ம்பா. சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுவா. நீங்க வீட்டுக்கு வர்ற அன்னிக்கு நிஜமாவே ஒளிச்சு வெப்பா. மாவு டப்பாவுக்குள்ள.

– எனக்குத் தெரியாது அது.

– உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னுதானே மாவு டப்பா.

– அந்த எண்ணிக்கையை அவளுக்குக் கத்துக்குடுத்ததே நான்தான், அதுவாவது தெரியுமா?

– எதை? ஆறு, எட்டையா?

– நாங்க சின்ன வயசுல இருந்த வீட்டுல மாடிப்படி. ஏழாவது படி உடைஞ்சு கெடக்கும். எனக்கு ஒன்பது வயசு, அவளுக்கு நாலு. படி எண்ணித்தான் எண்ணச் சொல்லிக்குடுத்தேன். ஆறு வந்ததும் ரெண்டு கையையும் புடிச்சுத் தூக்குவேன், அந்தாண்ட எட்டுல எறக்குவேன். நடுவுல எண்ண மாட்டேன், மூச்சு வாங்கும். அவ அப்படியே புடிச்சுக்கிட்டா. இது எனக்கு எப்ப உறைச்சுது தெரியுமா? அவ போய் ரெண்டு வருஷம் கழிச்சு. ஒரு கடையில படி ஏறிட்டிருந்தேன். ஆறாவது படியிலயே உக்காந்துட்டேன். மேல போக முடியல.

– இதை நீங்க யாருகிட்டயும் சொன்னதில்ல.

– சொல்லி? நான் குடுத்த தப்பை நானே முப்பது வருஷம் பிரிச்சேன்னா? அவ பள்ளிக்கூடத்துல பின்னினதை, கல்யாணத்துக்கு முன்னாடி பின்னினதை. கடைசியா உங்களுக்குன்னு பின்னினதை.

– அந்தப் பச்சை.

– சாப்பாட்டு மேசையில. உங்க தலையில வெச்சுப் பார்த்தா. சாஞ்சுது. நான் கை நீட்டினேன். 'எண்ணிப் பார்க்கத்தான்டி'ன்னேன்.

– நீங்க பிரிக்கப் பிரிக்க அவ நூலை உருண்டையா சுத்திட்டே இருந்தா. நான் பார்த்துட்டுச் சும்மா இருந்தேன். 'குளிருக்கு சாஞ்சது நேரானதுன்னு இருக்கா, குடுங்க அண்ணி'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். குழம்பு ஆறிடுமேன்னு சாப்பிட்டேன்.

– மறுநாள் காலையில போயிட்டா.

– ஒரு தொப்பிக்காக ஒருத்தி போவாளா அண்ணி? ஏழு வருஷமா இதைத்தான் கேட்டுட்டிருக்கேன். பெட்டிகூட எடுக்கல. அந்தப் பச்சை நூல் உருண்டையை மட்டும் எடுத்துட்டுப் போயிருக்கா.

– இது என்ன கலர் மாப்ள?

– எது?

– என் கையில இருக்கறது. எனக்குச் சரியாத் தெரியல. கண்ணு கலங்குது.

– சாயம் போயிருக்கு. ஜன்னல் பக்கம் காட்டுங்க... பச்சை.

– ஒரே பச்சை ஆயிரம் பேர்கிட்ட இருக்கும்.

– ஆமா. இருக்கும்.

– மூணு மணிக்கு அவ வருவா. நான் கேக்கறேன். 'தெரியாது, யாரோ சொல்லிக்குடுத்தாங்க'ன்னு சொன்னா, அங்கயே, உங்க முன்னாடி கையெழுத்துப் போடறேன். பேனாவைக் குடுங்க, கையில வெச்சுக்கறேன்.

– படியில யாரோ வராங்க.

– மணி ரெண்டரைதானே ஆகுது. யாரு? ... அவதான் மாப்ள. வாம்மா, உள்ள வா. ஏன் வாசல்லயே நிக்கிற?

– நான்... சீக்கிரம்.

– பரவாயில்ல. இவரு என் தங்கச்சி வீட்டுக்காரர்.

– தெரியும். மூக்குல ஒரு கண்ணாடி. நெத்தியில ஒரு கண்ணாடி.

– என்னை எப்படிம்மா தெரியும் உனக்கு?

– அவ சொன்னா.

– யாரும்மா? யாரு உனக்கு எண்ணச் சொல்லிக்குடுத்தா?

– சலவைக்கூடம். துணி மடிக்கிற மேசை. அவ பக்கத்து மேசை. நான் நம்பர் கேட்டு கேட்டு கத்து. அஞ்சு, ஆறு, எட்டு. தினம் கட்டுல ஒரு துணி தப்பு. மேனேஜர் கத்துவான். அவ சிரிப்பா.

– சிரிப்பாளா? இப்பவும்? அவ இருக்காளாம்மா?

– தொப்பி எங்க?

– என்னது?

– மேசை மேல வெச்சேன். பச்சைத் தொப்பி. எங்க?

– மறந்துட்டுப் போயிட்டியே, அதுவா? இங்கதான் இருக்கு. இந்த உருண்டைதான். கவலைப்படாத, நாளைக்கே திரும்பப் பின்னித் தந்துடறேன். நேரா, அளவா.

– பிரிச்சாச்சு?

– எண்ணிப் பார்க்கத்தான்மா.

– ஆமா. அந்த வார்த்தையும் சொன்னா. நீங்க சொல்லுவீங்கன்னு சொன்னா.

– அண்ணி, உக்காருங்க.

– நான் பின்னல. எனக்கு அவ்வளவு நல்லா வராது. மறக்கவும் இல்ல. வெச்சேன். அவ வைக்கச் சொன்னா. பேப்பர் பார்த்தா, அழுதா, நூல் எடுத்தா, பின்னினா. 'கொண்டு போய் வை, ஒரு வாரம் விடு, அப்புறம் போய்ப் பாரு'ன்னா.

– அவ எங்க இருக்கா? நான் அவ புருஷன்மா, என்கிட்ட சொல்லு.

– ரெண்டு வாக்கியம் குடுத்தா. எழுதி, நான் மனப்பாடம். ஒண்ணு, தொப்பி தொப்பியாவே இருந்தா சொல்ல. ஒண்ணு, இல்லைன்னா.

– முதல் வாக்கியத்தைச் சொல்லும்மா. உன்னைக் கும்பிட்டுக் கேக்கறேன்.

– அது நீளம். தெரு, பஸ்ஸு, எத்தனாவது மாடி, எல்லாம் வரும். கஷ்டப்பட்டுப் படிச்சேன். அதைத்தான் சொல்ல ஆசை. ஆனா சத்தியம் பண்ணிட்டேன்.

– வேண்டாம். ரெண்டாவதைச் சொல்லாத.

– அது சின்னது. தப்பில்லாம வரும். 'எல்லாத்தையும் சரியா எண்ணிட்டியா டீச்சரம்மா? அப்ப கையெழுத்தைப் போடு.'