இரட்டைக் கோடு

வைரத்தைப் பற்றிக் கேட்க ஆயிரம் பேர் வருவார்கள் ஐயா, அதைப் போலவே இருக்கும் கல்லைப் பற்றி யாரும் கேட்பதில்லை. மொய்சனைட் என்று பெயர். வைரத்தில் ஒவ்வொரு அணுவையும் சுற்றி நான்கு அணுக்கள் பிடித்துக்கொண்டிருக்கும். இதிலும் அப்படித்தான். கடையில் நான் வைத்திருந்த பழைய கருவி இரண்டுக்கும் ஒரே மாதிரிக் கத்தும். லென்ஸில் பார்த்தால் மட்டும் மொய்சனைட்டின் பட்டை விளிம்புக் கோடுகள் இரட்டையாகத் தெரியும், வைரத்தில் ஒற்றையாக.

மன்னார் பஜாரில் இருபது வருடமாக நகைக்கடை வைத்திருக்கிறேன். இத்தாலியிலிருந்து றோய் அனுப்பிய நிச்சய மோதிரத்தைச் சுருக்கித் தரும்படி நிறஞ்சலா அங்கேதான் கொண்டுவந்தாள். அவளை எனக்கு முதலே பிடிக்கும். அதை மறைக்க மாட்டேன்.

"பிள்ளை, இது வைரம் இல்லை" என்றேன். "மெஷின் கத்தினதே?" என்று கேட்டாள். பொறுமையாக விளக்கினேன். அவளுக்குக் கண் நிரம்பிவிட்டது. அதற்குப் பிறகுதான் லென்ஸைக் கொடுத்தேன்.

"கோடு ரெண்டாத் தெரியுதோ?"

"ஓம் அண்ணை, ரெண்டாத்தான் தெரியுது."

கண்ணீரோடு பார்ப்பவருக்கு எல்லாமே இரண்டாகத்தான் தெரியும்.

மோதிரத்தை றோய்க்குத் திருப்பி அனுப்பும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். அவனுடைய வைரத்தைக் கழற்றி, மொய்சனைட்டைப் பதித்து அனுப்பினேன். கல்லை மாற்றிய கள்ளி என்று அவன் அவளுக்கு எழுதினான். அடுத்த வருடம் எங்கள் கல்யாணம் நடந்தது.

போன மாதம் அலுமாரியைத் துடைக்கும்போது அந்த வைரம் அவள் கையில் பட்டது. அவள் பெயரெழுதிய கடதாசியில் மடித்து வைத்திருந்தேன், என் பிழைதான். லென்ஸை எடுத்துப் பார்த்தாள். இந்த முறை அழவில்லை.

"ஒண்டாத்தான் தெரியுது. நான் ஜெஸ்லியா அக்காவிட்டப் போறன்" என்றாள். ஜெஸ்லியா அவள் கூடப்பிறந்த அக்கா.

அந்த நிலைமையில் ஒரு பெண்ணைத் தெருவில் விடலாமா? மேல் அறையில் விட்டுப் பூட்டினேன். எங்கள் உப்புக்குளத்தில் அவ்வளவு காற்றோட்டமான அறை வேறு வீட்டில் இல்லை. ஜன்னலுக்குப் பலகை அடித்தது அவள் குதித்துவிடக் கூடாது என்பதற்காக. முப்பத்தொரு நாளும் மூன்று வேளைச் சாப்பாடு நானே கொண்டுபோனேன். கத்திக் கத்தித் தொண்டை கட்டியபோது கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன்.

ஜெஸ்லியா பொலிஸில் சொல்லி நீங்கள் கதவை உடைத்தபோது அவள் என்னைப் பார்க்கவேயில்லை. கோபம், ஆறிவிடும். இத்தனை வருடத்தில் அவளிடம் நான் சொன்ன பொய் ஒன்றே ஒன்றுதான் ஐயா. அதையும் அவள் தன் கண்ணாலேயே பார்த்துத்தான் நம்பினாள்.