நோன்னா இன்னா

ஆம்பளைங்க உள்ள போவக்கூடாது, தெரியுங்க வாட்ச்மேன் அண்ணே. போர்டு படிக்கத் தெரியாட்டியும் உங்க மீசையப் படிச்சிட்டேன். எம் பொண்ணு உண்ணாமலை புள்ள பெக்க நோவெடுத்து உள்ள படுத்துனுருக்கா. புதுசா வந்திருக்குற வெள்ளக்கார டாக்டரம்மாகிட்ட ஒரே ஒரு வார்த்த சொல்லணும். ஒரு நர்சம்மாவயாவது கூப்புடுங்க, போதும்.

நோவுன்னா இன்னாவா? அட, உங்க மதுரப் பக்கம் வலிங்குறீங்களே, அதான். தல நோவுது, கால் நோவுதுன்னுவோம். சிரிக்காதீங்க, நீங்க அங்கிட்டு இங்கிட்டுன்னா நாங்க சிரிச்சமா?

கோயிலாண்ட ஜட்கா ஓட்றவன் நானு. எல்லா ஊரு வாயும் என் வண்டில ஏறியிருக்குது. பெங்களூர்காரங்க மலையக் காட்டி நோடு நோடுன்னுவாங்க. எங்க நோவுதோன்னு நான் அவங்க முட்டியப் பாப்பேன். பாருன்னு அர்த்தமாம். லாடம் அடிக்கிற நம்ம பாய்க்கு வேணாம்னா நை. ஒரு ஜெர்மன்காரம்மா, மலைய ஒரு சுத்து முடிச்சாச்சு, இன்னொன்னு போலாமான்னு சைக காட்டுனேன். இப்டி மூக்கத் தூக்கிகினு, நைன், அப்டின்னுச்சு. ஒம்பது சுத்தா தாயேன்னு குதுர கால்லயே வுழுந்துட்டேன். அதுவும் வேணாந்தானாம்.

இங்கிலீசுக்காரங்களுக்கு நோன்னா வேணாம். உங்களுக்கே தெரியும். அதாங்க சிக்கலு.

உண்ணாமலையோட ஆத்தா, எம் பொஞ்சாதி பொன்னியும் இதே ஆஸ்பத்திரிதான். அப்பவும் புதுசா வந்து எறங்குன ஒரு வெள்ளக்கார டாக்டரம்மா. நம்ம பாஷ தெரிஞ்ச நர்சு பக்கத்துல இல்ல. வவுத்துல கை வெச்சிருக்காங்க. இவ உசுரு போற மாதிரி நோ… நோ…ன்னுருக்கா. நோவுதுன்னு முழுசா சொல்ல மூச்சு வரல. அந்தம்மா, தொடவேணாங்குறா போலன்னு கைய எடுத்துட்டாங்க. கன்னத்துல தட்டி, சிரிச்சிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிட்டாங்க. பக்கத்துக் கட்டிலு பச்சையம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும். திரும்பி வந்து கொழந்தய எடுத்தாங்க. அவள மீட்டெடுக்க முடியல.

அந்தக் கொழந்ததாங்க இப்ப உள்ள இருக்குறது.

வலின்னு சொல்லும்மான்னு வர்ற வழியெல்லாம் படிச்சிப் படிச்சி சொன்னேன். சரி நைனான்னா. நோவுற நேரத்துல சொல்லிக் குடுத்த வார்த்தயா வரும்? ஆத்தா வாய்தான் வரும்.

கேக்குதா? இல்ல, அது குயிலு இல்ல. நல்லா கேளுங்க, நோ… நோ…ங்குறா எம் பொண்ணு.

கேட்டத் தெறங்கண்ணே. உங்க கால்ல வேணா வுழறேன். அதோ வராண்டாவுல பாருங்க, டாக்டரம்மா கைய தொடச்சிகினு வெளிய வராங்க.

சிரிச்சிகினு வராங்க.