அமர்ந்திருக்கும் காலம்

முதலில் அந்த மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். எனக்குத் தொண்டை சீக்கிரம் கட்டிக்கொள்ளும். பிரசங்கம் செய்கிறவன் பிழைப்பே தொண்டையில்தான் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. நீங்கள் மூவருமே அதே வேலையைப் பார்த்து ஓய்வு பெற்றவர்கள்.

நன்றி. இப்போது சரியாக இருக்கிறது.

நான் இங்கே வந்து உட்கார வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை. எங்கள் சபை யாருக்கும் கீழே இல்லை. நானே தொடங்கினேன், நானே நடத்துகிறேன். நீங்கள் வேறு வேறு சபைகளிலிருந்து வந்த பெரியவர்கள், மரியாதைக்காக வந்தேன். விசாரணை முடிந்ததும் நீங்கள் ஓர் அறிவுரை சொல்லலாம், அதற்கு மேல் உங்கள் கையில் ஒன்றுமில்லை. உங்களைக் கூப்பிட்டது என் தங்கை மகள் என்று தெரியும். அவள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. வெளியூரில் நர்ஸாக இருக்கிறாள், எதற்கும் காரணம் கேட்டே பழகிவிட்டவள். அதனால்தான் அவளுக்கும் எங்கள் சபைக்கும் ஒத்துவரவில்லை.

அமர்ந்திருத்தல் எப்படி வந்தது என்று கேட்டீர்கள். அதில் மர்மம் எதுவும் இல்லை. சபை தொடங்கிய புதிதில் பாட்டுக் குழுவில் இரண்டு பெண்களுக்குள் தகராறு. யார் மைக்குக்குப் பக்கத்தில் நிற்பது என்பதுதான் விஷயம். அவர்களுடைய புருஷன்மார் சேர்ந்துகொண்டார்கள், சபையே இரண்டாகப் போகப் பார்த்தது. நான் இருவரையும் கூப்பிட்டு, "நான் சொல்ற வரைக்கும் ரெண்டு பேரும் யார்கிட்டயும் வாயைத் தொறக்கக் கூடாது. அமைதியா அமர்ந்திருங்க" என்றேன். யோசித்துச் சொன்னதல்ல, வாயில் வந்தது. ஒரு வாரம் கழித்துத் தலையில் கை வைத்து, பேசுங்கள் என்றபோது இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். அந்த அழுகையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பலித்த மருந்தை யார்தான் தூக்கி எறிவார்கள்?

அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. என்னிடம் கேட்காமல் மோட்டார் சைக்கிள் வாங்கிய ஒருவர் அமர்ந்தார். வேறொரு சபைக் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்த ஆசிரியை அமர்ந்தார். மகளுக்குத் தானாகவே மாப்பிள்ளை பார்த்துவிட்ட தையல்காரர் அமர்ந்தார். அமர்ந்திருப்பவருக்குக் கடைசி வரிசை. யாரும் அவரிடம் பேச மாட்டார்கள், அவரும் பேச மாட்டார். வேலைக்கு விடுப்புப் போட்டுவிட வேண்டும். கைபேசியை என்னிடம் கொடுத்துவிட வேண்டும். வீட்டிலும் அப்படித்தான். மனைவி தட்டை வைப்பாள், எடுப்பாள், ஒரு வார்த்தை இருக்காது. வீட்டில் கூடவா என்று முகம் சுளிக்கிறீர்கள். வீட்டில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தால் அப்புறம் அது என்ன அமர்ந்திருத்தல்? காலம் முடிந்தது என்று எனக்குத் தோன்றும் நாளில் தலையில் கை வைத்து, "பேசு" என்பேன். அதுவரை காத்திருக்க வேண்டும்.

என் தங்கை புருஷன் லிஃப்ட் மெக்கானிக். சபை அவருடைய வீட்டு முன்னறையில்தான் தொடங்கியது. முதல் மைக்கைக் கட்டியவர் அவர், நாற்காலி சுமந்தவர் அவர். எனக்கு அவரை நிரம்பப் பிடிக்கும். சிரிக்கச் சிரிக்கப் பேசுவார், மனதில் ஒன்றையும் வைத்துக்கொள்ளத் தெரியாது. ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து நின்றபோதும் சிரித்துக்கொண்டுதான் நின்றார்.

"மச்சான்... மன்னிச்சுக்குங்க, பாஸ்டர். நான் மாட்டுற லிஃப்டை வருஷத்துக்கு ஒரு தடவை வெளியாள் ஒருத்தர் வந்து பாத்துட்டுத்தான் போறாரு. அதுக்காக நான் திருடன்னு அர்த்தமா? இத்தனை பேர் உங்களை நம்பி ஏறி நிக்கிறோம். உங்களையும் வெளியாள் ஒருத்தர் வந்து பாத்துட்டுப் போனா நல்லதுதானே?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் சிரித்து முடித்த பிறகு தலையாட்டினார்களே, அதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதிக்கு மேல் ஆட்டினார்கள். தையல்காரர் ஆட்டினார். பாட்டுக் குழுவின் அந்த இரண்டு பெண்களும் ஆட்டினார்கள். என் தங்கையின் தலைகூட அசைந்ததுபோல இருந்தது. அந்த நேரத்தில் எனக்குப் பயம் வந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அன்றே அவரை அமர்த்தினேன். கைபேசியை நீட்டியபோதுகூட, "சரி மச்சான், வாய்க்கும் கொஞ்சம் ரெஸ்ட் வேணும்ல" என்றார். அவர் ஏன் ஒத்துக்கொண்டார் என்று கேட்பீர்கள். என் தங்கைக்காகத்தான். மாட்டேன் என்றிருந்தால் சபை அவளையும் சேர்த்து ஒதுக்கியிருக்கும். சபையை விட்டால் அவளுக்கு ஆள் கிடையாது. பெற்ற மகளோடுகூடப் பேச்சுவார்த்தை இல்லை. மகள் சபையை விட்டுப் போனவள் அல்லவா, பேச வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தேன்.

என் தங்கையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தாயில்லாமல் என் கையில் வளர்ந்தவள். என்னிடம் கேட்காமல் ஒரு செருப்பு வாங்கியதில்லை. சபை தொடங்கியதும், "இனிமே அண்ணான்னு கூப்பிடாதே, பாஸ்டர்னு கூப்பிடு. உனக்கொரு சட்டம் ஊருக்கொரு சட்டம்னு ஆயிடக் கூடாது" என்றேன். ஒரு நாள் முகம் வாடியிருந்தாள், மறுநாளிலிருந்து பாஸ்டர் என்றுதான் கூப்பிட்டாள். இப்படிச் சொன்ன பேச்சைக் கேட்கிற பெண்ணை நீங்கள் உங்கள் சபைகளில் பார்த்திருக்க மாட்டீர்கள்.

இனி அந்தச் சனிக்கிழமை. தங்கை புருஷன், அதாவது என் மாப்பிள்ளை, அமர்ந்து மூன்று வாரம் ஆகியிருக்கும். நான் சாப்பிட்டுவிட்டு மறுநாள் பிரசங்கத்துக்குக் குறிப்பு யோசித்தபடி படுத்திருந்தேன். தங்கையிடமிருந்து அழைப்பு வந்தது. நான் எடுக்கவில்லை. மறுபடி வந்தது. அப்போதும் எடுக்கவில்லை. பிறகு குரலைப் பதிவு செய்து அனுப்பியிருந்தாள்.

"பாஸ்டர், இவருக்கு என்னமோ பண்ணுது. நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு நாற்காலியில சாஞ்சுட்டாரு. சட்டையெல்லாம் தொப்பலா நனைஞ்சு போச்சு. என் பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிடுறாரு. நான் பதில் சொல்லலாமா பாஸ்டர்? ஆம்புலன்ஸுக்குச் சொல்லலாமா? ஒரு வார்த்தை சொல்லுங்க." பிறகு, "அண்ணா. அண்ணா, ஒரு வார்த்தை சொல்லுண்ணா" என்றாள்.

அவள் அண்ணா என்றது எனக்கு உறுத்தியது. இத்தனை வருடம் கழித்து, இந்த நேரம் பார்த்து வரம்பு மீறுகிறாளே என்று தோன்றியது. கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

அதே நேரத்தில் இழுப்பறைக்குள் நான் சார்ஜ் போட்டு வைத்திருந்த மாப்பிள்ளையின் கைபேசி அடிக்க ஆரம்பித்தது. சனிக்கிழமைகளில் மகள் அப்பாவைக் கூப்பிட்டுப் பார்ப்பாள், அவர் எடுக்க மாட்டார் என்று தெரிந்தும் கூப்பிடுவாள். நர்ஸ் என்றேனே. எடுத்து இரண்டு வரி சொல்லியிருந்தால் எங்கே கொண்டுபோக வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டும் என்று அவள் சொல்லியிருப்பாள். அது ஓயும் வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த வீட்டில் என்ன நடந்தது என்பது எதிர் வீட்டுத் தையல்காரர் சொல்லித் தெரியும். மாப்பிள்ளை கூப்பிடும் குரல் கேட்டு ஓடி வந்திருக்கிறார். வாசற்படியில் என் தங்கை கைபேசியோடு நின்றிருக்கிறாள். "பாஸ்டர் என்ன சொன்னாரு?" என்று கேட்டிருக்கிறார். "இன்னும் ஒண்ணும் சொல்லல" என்றிருக்கிறாள். அவரும் பக்கத்திலேயே நின்றுவிட்டார். நாற்காலியிலிருந்து மாப்பிள்ளை இருவரையும் பார்த்துக் கையை நீட்டுகிறார், இவர்கள் இருவரும் அவள் கையிலிருந்த கைபேசியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். தையல்காரர் கெட்டவர் அல்ல. கால் எழும்பவில்லை பாஸ்டர் என்று என்னிடம் சொல்லிவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதார். எனக்கே பாவமாக இருந்தது.

ஒரு மணி நேரம் கழித்துத் தேநீர் குடித்துவிட்டு நான் கூப்பிட்டேன். உடனே எடுத்தாள்.

"இப்பவும் கூப்பிடுறாரா?" என்றேன்.

"இல்ல பாஸ்டர். இப்பக் கூப்பிடல. பேசாம இருக்காரு."

"நல்லது. நான் வர்றேன். அதுவரைக்கும் அப்படியே இரு."

அப்புறம் சவரம் செய்துகொண்டேன். சட்டைக்குப் பெட்டி போட்டேன். போதகன் தாடியும் மீசையுமாகக் கசங்கிய சட்டையில் போய் நிற்கக் கூடாது என்பது என் கொள்கை. நான் போனபோது அவர் கை நாற்காலிக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னாராம். இருக்கலாம். நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். நடிக்கிறார் என்று நினைத்தேன், அதனால் எடுக்கவில்லை என்று முதலில் எங்கள் சபை மூப்பர்களிடம் சொன்னேன். அது உண்மையில்லை. அந்த மனிதருக்கு நடிக்கவே வராது. தங்கையின் குரலை முதல் தடவை கேட்டபோதே அவர் சாகப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆண்டுக் கூட்டத்தில் ஆடிய அந்தத் தலைகள்தான் அப்போது கண்ணில் நின்றன. அவர் திரும்ப எழுந்து நின்றால் மறுபடி ஆடும். நான் அவரைத் தொடவில்லை, ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. சும்மா இருந்தேன். சும்மா இருந்தே அவரைக் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள், ஆட்சேபணை இல்லை.

ஆனால் நான் மட்டும்தானா என்று நீங்களும் யோசிக்க வேண்டும். கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டிருந்தேனா? எதிர் வீடு, கீழ்வீடு, தெருவில் ஆட்டோ, எல்லாம் இருந்தது. இந்த ஜனங்கள் என்னைக் கேட்காமல் மூச்சு விடப் பழகவில்லை என்றால் நான் என்ன செய்ய? ராத்திரி பன்னிரண்டுக்கும் கூப்பிடுவார்கள், பிள்ளைக்கு எந்தப் பள்ளிக்கூடம், பெண்ணுக்கு எந்த ஊர், எல்லாவற்றுக்கும் நான்தான். இத்தனை பேர் பாரத்தை ஒருவன் சுமப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும். பல நாள் எனக்கே அழுகை வந்திருக்கிறது.

தங்கை விஷயத்துக்கு வருகிறேன். தையல்காரர் இன்னொன்றும் சொன்னார். நான் அவளோடு பேசி வைத்த பிறகு அவள் புருஷனிடம் போயிருக்கிறாள். முகத்தைப் பிடித்துத் தூக்கி, "இங்கதாங்க இருக்கேன், இங்கதான் இருக்கேன், பாருங்க" என்று கத்தியிருக்கிறாள். நான் அனுமதி கொடுக்கவில்லை. அமர்ந்திருப்பவரோடு பேசியது பேசியதுதான். அவர் காதில் விழுந்திருக்காது என்கிறீர்கள். விழுந்ததா இல்லையா என்பதல்ல கேள்வி. சொந்தத் தங்கை என்று விட்டுவிட்டால் நாளைக்குச் சபையில் யாருக்கு நான் நியாயம் சொல்ல முடியும்?

அடக்கம் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளைச் சபை முன்னால் நிற்க வைத்தேன். கீழ்ப்படியாமல் பேசிவிட்டேன் என்று அவளே சொன்னாள். குரல் எடுபடவில்லை, நான்தான் மைக்கைப் பக்கத்தில் பிடித்தேன். யாரும் தலையாட்டவில்லை. பிறகு கடைசி வரிசையில் போய் அமர்ந்தாள்.

வெளியே வராந்தாவில் பெஞ்சில் இருப்பவள் அவள்தான். நீங்கள் மூவரும் மாறி மாறிக் கேட்டும் வாயைத் திறக்கவில்லை என்றீர்கள். அவள் திறக்க மாட்டாள். மகள் அவள் மடியில் முகத்தை வைத்து, "அம்மா, ஒரு தடவை என் பேரைச் சொல்லும்மா" என்று அழுவதை வரும்போது நானும் பார்த்தேன். அவள் மகளைப் பார்க்கவில்லை. தலையைக் கொஞ்சம் குனிந்து, என் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே வந்துவிட்டேன்.

நான் சொன்னால் பேசுவாளே என்கிறீர்கள். பேசுவாள். கையை வைத்து ஒரு சொல் சொன்னால் போதும். அன்று நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் உங்களிடம் சொல்லுவாள். அவள் மேல் இன்னும் என்ன கோபம் என்று கேட்டீர்கள். அப்படிக் கேட்டது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நான் தூக்கி வளர்த்த பிள்ளை, அவள் மேல் எனக்கு என்ன கோபம்? அவள் மைக் முன்னால் நின்று அழுத அன்றைக்கே மனப்பூர்வமாக மன்னித்துவிட்டேன். அவளிடம்தான் இன்னும் சொல்லவில்லை.