மேடையில் சேர்த்த பிள்ளை

அதிபர்: ...அதனால ஒங்க மக போட்டிருக்கிற யூனிபோமைக் கழட்டிக் குடுத்துட்டுப் போங்க தங்கச்சி. மேடைக்காக மூணாம் வகுப்புப் பிள்ளைகிட்ட இரவல் வாங்கினது. அதோட அம்மா கேட்டுக்கிட்டே இருக்காங்க.

சர்மிளா: கழட்ட மாட்டேங்கிறா சார்.

அதிபர்: எங்க இப்ப நிலுக்சி?

சர்மிளா: ரெண்டாம் வகுப்புல. ஜன்னலோரத்து பெஞ்சில.

அதிபர்: அங்க யாரு உக்கார வச்சது?

சர்மிளா: நீங்கதான். மைக்கில சொன்னீங்களே, "மகளே, இது ஒன்னோட ஸ்கூல், அதுதான் ஒன்னோட வகுப்பு"ன்னு. அவகிட்ட சும்மாவுக்கு ஒண்ணு சொல்ல முடியாது சார். சொன்னா சொன்னதுதான்.

அதிபர்: அது... மேடைப் பேச்சு. ஓட்டிசம் விழிப்புணர்வு தினம்னா அப்படித்தான் பேசணும்.

சர்மிளா: நல்லாத்தான் பேசுனீங்க.

அதிபர்: போட்டோதான் சரியா வரல. ரெண்டு கையாலயும் காதைப் பொத்திக்கிட்டு நிக்கிறா. கொஞ்சம் சிரிச்சிருந்தா...

சர்மிளா: அவ காதுகிட்ட நின்னு பேண்ட் வாத்தியம் அடிச்சா வேற எதைப் பொத்துறது?

அதிபர்: சரி, விடுங்க. நீல ஐசிங் கேக் இருக்கு. ரெண்டு துண்டு கொண்டு போங்க.

சர்மிளா: கேக் வேணாம் சார். அவளைச் சேர்த்துக்குங்க.

அதிபர்: தங்கச்சி... இதைப் போன வருசமே பேசி முடிச்சாச்சே.

சர்மிளா: ஆமா. "பைத்தியம் மாதிரி கத்துது, கூட்டிட்டுப் போங்க"ன்னீங்க.

அதிபர்: ஸ்ஸ்... அந்த வார்த்தையெல்லாம் இப்ப பாவிக்கக் கூடாது. சமூகம் பேசுற விதத்தை மாத்தணும்னுதானே இவ்வளவு பாடுபடுறோம். "சிறப்புக் குழந்தை"ன்னு சொல்லணும்.

சர்மிளா: சரி, சிறப்புக் குழந்தை. வீட்டுக்குப் போகச் சொல்றது மட்டும் அதே தேயிலைத் தோட்டத்து பஸ்லதான்.

அதிபர்: கோவப்படாதீங்க. டீச்சருக்குப் பயிற்சி இல்ல. மத்தப் பெற்றோர் வந்து சண்டை பிடிப்பாங்க. கண்டியில இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குன்னே நல்ல நிலையம் ஒண்ணு இருக்கு...

சர்மிளா: இங்க இரத்தோட்டையிலேருந்து ரெண்டு பஸ் மாறணும். ஹோர்ன் சத்தம் கேட்டாலே சீட்டுக்கு அடியில பூந்துருவா. நான் தினம் அவகூடப் போனா கொழுந்து யாரு பறிக்கிறது, சோறு யாரு போடுறது?

அதிபர்: எனக்கு மனசில்லாமலா? என் கையில இருந்தா இந்த நிமிசமே சேர்த்துருவேன். வலயக் கல்வி அலுவலகத்துல விடமாட்டாங்க.

சர்மிளா: இன்னைக்கு மாலை போட்டு மேடையில உக்கார வச்சீங்களே, அந்த மேடம் வலயத்து ஆள்தானே?

அதிபர்: ஆமா. ஏன்?

சர்மிளா: பந்தலுக்கு வெளிய எங்கிட்டயும் பேசுனாங்க.

அதிபர்: ...என்ன பேசுனாங்க?

சர்மிளா: பிள்ளை படிப்பைப் பத்தி.

அதிபர்: நீங்க என்ன சொன்னீங்க?

சர்மிளா: மொதல்ல எனக்கு வெளங்கவே இல்ல. அப்புறம் அவங்களே சொன்னாங்க, "ஜனவரியிலயே இவளைச் சேர்த்துட்டதா அதிபர் சொன்னாரே"ன்னு.

அதிபர்: தங்கச்சி, அது... அந்த நேரத்துல ஒரு பேச்சுக்கு...

சர்மிளா: பயப்படாதீங்க சார், ஒங்களைப் பொய்க்காரனா ஆக்கல. ஆமான்னுட்டேன். மேடத்துக்கு ரொம்ப சந்தோசம். திங்கக்கிழமை வகுப்புக்கே வந்து அவ பக்கத்துல உக்காந்து பாக்கப் போறாங்களாம்.